ஜெயசுதா விட்ட இடம்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். செஞ்சியில் பெண்பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லித்தரும் பாரதிக்குப் போன ஆடி மாதம் நிஜமாகவே நடந்தது இது.

அன்று பாரதிக்கு எரிச்சல் தலைக்கேறியிருந்தது. மாநில முகாமுக்கு ஆள் எடுக்கிறார்கள். பீப் டெஸ்ட்டில் ஒன்பதாவது லெவலைத் தாண்டிய வீடியோ அன்றைக்கே போயாக வேண்டும். ஸ்பீக்கரில் ‘பீப்’ அடிப்பதற்குள் தரையில் வைத்த இந்த பிளாஸ்டிக் கோனிலிருந்து அந்தக் கோனுக்கு ஓட வேண்டும். லெவல் ஏற ஏற பீப் விரட்டும். யாருக்கு எவ்வளவு மூச்சு என்று அதில் தெரிந்துவிடும். பயிற்சியாளர் பெயர் சொல்லி ‘அவுட்’ என்று கூப்பிடும்வரை நிற்கக் கூடாது. அந்த மைதானத்தில் ஆதியிலிருந்து அதுதான் சட்டம்.

ஜெயசுதாவுக்கு மூச்சுக்கா குறைச்சல்! ஆனாலும் ஒவ்வொரு தடவையும் எட்டிலேயே படுத்துவிடுவாள், சனியன்.

ராஜகிரி மலைக்குப் பின்னால் வெயில் இறங்கியது. மற்ற பெண்கள் எல்லாரும் அவுட். ஜெயசுதா மட்டும் ஓடினாள். அதுவும் ஓரமாக, கோனை உரசிக்கொண்டு. பாரதி போனில் படம் பிடித்தபடியே கத்தினாள்.

“நடுவுல ஓடுடி!”

“இடம் வுட்டு ஓடறேன், மிஸ்!”

“யாருக்குடி?”

ஜெயசுதா பக்கத்தில் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓடினாள்.

பீப்.

அப்பாடா, ஒன்பது தாண்டிவிட்டாள்! “ஜெயசுதா அவுட்!”

ஜெயசுதா நின்றாள்.

காலடிச் சத்தம் நிற்கவில்லை.

தட்... தட்... தட்... அந்தக் கோன்வரை போனது. புழுதி கிளம்பியது. திரும்பியது...

பீப்.

“அவளையும் அவுட் சொல்லுங்க மிஸ்... பாவம், ஓடிக்கினே இருக்கா,” என்றாள் ஜெயசுதா.

பாரதி ஸ்பீக்கரை அணைத்தாள். சத்தம் நின்றது.

மகள் ஜெயசுதாவைக் கூட்டிப்போக வந்திருந்த மீனம்பாளுக்கு முகம் வெளுத்துவிட்டது. “நானும் இங்க ஆடுனவதான் மிஸ். என்கூட ஓடுன தனகோட்டி இந்த டெஸ்ட்லதான் வுழுந்து செத்தா. சார் டீ குடிக்கப் போயிருந்தாரு. அவளுக்கு அவுட் சொல்ல ஆளே இல்ல.”

“சும்மா இருங்கக்கா, நீங்க வேற!” என்று எரிந்து விழுந்தாள் பாரதி. வீடியோவை அனுப்பினாள்.

மறுநாள் தேர்வுக்குழுவிலிருந்து போன். “ஒரு இடந்தான் மேடம். ஜெயசுதாவுக்கு இல்ல. பக்கத்துல ஓடுற பொண்ணத்தான் எடுக்கறோம். இன்னா மூச்சு! அவ பேரு சொல்லுங்க.”

பாரதி போனை வைத்தாள். வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள்.

அதில் ஜெயசுதா மட்டும்தான் ஓடுகிறாள்.

ஓர் ஆளுக்கு இடம் விட்டு...