சுண்ணாம்பு வாளியின் சூடு

போன வாரம் எங்கள் வீட்டு மேல்தளத்தின் அடிப்பக்கத்துக்குப் பெயிண்ட் அடிக்க ஒரு தம்பி வந்திருந்தார். நீளக் கம்பில் ரோலரை மாட்டி, தரையில் நின்றபடியே உருட்டினார். சட்டையில் ஒரு சொட்டு விழவில்லை. அவர் பெயிண்டைக் கலக்கி வைத்ததும் நான் போய் வாளியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். "என்ன சார் பாக்கறீங்க?" என்றார். "சும்மாதான்" என்றேன். சுடுகிறதா என்று பார்த்ததாகச் சொல்லியிருந்தால், சாருக்கு ஏதோ கோளாறு என்று நினைத்திருப்பார்.

உங்களிடம் சொல்லலாம். செல்போனில் மிஸ்டுகால் கொடுத்தே எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலம் அது. எனக்குச் சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் வேலை, அக்கா வீட்டில் சாப்பாடு. அத்தான் நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலந்தார். சாயங்காலம் வரும்போது காது மடல்கூட வெள்ளிப் பூச்சுப் பூசியிருக்கும். நானோ கம்பி மத்தாப்பையே குச்சியில் கட்டிப் பிடித்த ஆள். சிவகாசிக்காரன் என்று வெளியூரில் சொல்லிக்கொள்ள எனக்கு யோக்கியதை கிடையாது.

பொங்கலுக்கு வெள்ளையடிப்பதென்றால் சுவர் சுலபம், மேல்தளம்தான் ஆளைக் கொல்லும். அண்ணாந்து அண்ணாந்து கழுத்து பிடித்துக்கொள்ளும், சுண்ணாம்பு கண்ணில் விழும். அத்தான் அதற்கெல்லாம் ஒரு முறை வைத்திருந்தார். முகத்திலும் கையிலும் தேங்காயெண்ணெய். வெள்ளையடிக்கும் நார்மட்டையின் பிடியில் ஓட்டை போட்டு மாட்டிய சிரட்டை. வழிகிற சுண்ணாம்பு அதில் தங்கிவிடும். முதல் பூச்சு ஜன்னல் பக்கமிருந்து உள்ளே, இரண்டாவது குறுக்கே. தரையில் விரிக்க எங்கள் அச்சகத்து வேஸ்ட் ஷீட். அவற்றில் பாதி சாமி காலண்டர் என்பதால், மிதிபடக் கூடாதென்று அக்கா ஒவ்வொன்றையும் குப்புறப் போட்டாள்.

அந்த வருஷம் அத்தானுக்கு ஒரு யோசனை. கம்பெனியில் சிந்திக் கிடந்த அலுமினியப் பவுடரைக் கொஞ்சம் பொட்டலம் கட்டி வந்திருந்தார். "இதக் கலந்தா தளம் வெள்ளித்தட்டு மாதிரி மின்னும் மாப்ள." அந்தப் பவுடரில் ஈரம் பட்டால் என்ன ஆகும் என்று ஊருக்கே சொல்லக்கூடியவர் அவர். ஆனாலும் இது வீடு, இது சுண்ணாம்பு, நாம் செய்வது பட்டாசா என்ன என்று தோன்றிவிட்டது போல. போட்டுக் கலக்கிவிட்டு மேஜை மேல் ஏறினார்.

நான் கீழே வாளியை ஏந்தி நின்றேன். கொஞ்ச நேரத்தில் உள்ளங்கை வெதுவெதுவென்றது. முந்தின நாளே நீற்றி ஆறவைத்த சுண்ணாம்பு அது.

"அத்தான், வாளி சுடுது."

மட்டை அப்படியே நின்றது. குனிந்து பார்த்தார். சாம்பல் நிறத்தில் நுரை கிளம்பிக்கொண்டிருந்தது.

"மெதுவாக் கீழ வையி. வெளிய போ."

வைத்தேன். ஆனால் போக முடியவில்லை. சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அக்காவும் கைக்குழந்தையும் உள் அறையில் இருந்தார்கள். ஜன்னலுக்குக் கம்பி. அந்த வாளியைத் தாண்டாமல் வெளியே வர வழியே கிடையாது. அக்கா என்னவோ ஏதோவென்று நிலைப்படிக்கு வந்தாள்.

"பிள்ளையத் தூக்கிட்டு மூலைக்குப் போ. வராத இங்கன."

மருந்து சூடேறினால் தொடாதே, விட்டுவிட்டு ஓடு என்பதுதான் கம்பெனியில் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம். அத்தான் வாளியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துத் தூக்கி, ஓடாமல், அலுங்காமல் நடந்தார். எதிர்த்த காலி மனையில் இறக்கி வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். வாளி புஸ்ஸென்று பொங்கி, ஆவி விட்டு, வழிந்து, அடங்கியது. அவ்வளவுதான். அதிலிருந்து கிளம்புவது தீப்பிடிக்கிற வாயு, பக்கத்தில் யாராவது பீடி பற்றவைத்திருந்தால் கதை வேறு என்று கம்பெனி போர்மேன் பிற்பாடு சொன்னாராம்.

அத்தான் வாசலில் உட்கார்ந்து கையில் வழிந்திருந்த சுண்ணாம்பை வேட்டியில் துடைத்தார். அக்கா பிள்ளையை இறுக்கிக்கொண்டு கேட்டாள்.

"அங்கன தெனமும் இப்பிடித்தான் இருக்குமா?"

"அங்கன நீயும் பிள்ளையும் இருக்க மாட்டீகளே" என்றார்.

மேல்தளம் பாதி வெள்ளையோடு அந்தப் பொங்கலைப் பார்த்தது. அடுத்த தீபாவளி சீசன் முடிந்ததும் அத்தான் வேலையை விட்டார். இப்போது காரியாபட்டியில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கிறார். அந்தக் கம்பெனி மூடிக் கிடக்கிறது. அந்த வீட்டையும் இடித்துவிட்டார்கள்.

முன்பெல்லாம் எங்காவது பெரிய வெடிச் சத்தம் கேட்டால் அக்கா தலையை மட்டும் நிமிர்த்துவாள். "ஆனைக்குட்டம் பக்கம், நம்ம பக்கம் இல்ல" என்று சொல்லிவிட்டு வெங்காயத்தைத் தொடர்ந்து நறுக்குவாள். இன்று யாரோ கல்யாண வீட்டில் சரம் கொளுத்தினாலும் கடைக்குப் போன் போடுகிறாள். "எங்கன இருக்கீக?" அத்தான் சலிக்காமல், "கடைலதான் இருக்கேன்" என்கிறார். சத்தம் கேட்டும் கத்தியைக் கீழே வைக்காத அந்த அக்காவை அந்தப் பொங்கலுக்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை.