புழுதிக் காவல்

எங்கள் ஊருக்குள் இப்போது மினி பஸ் வருகிறது. மாரியம்மன் கோயில் எதிரே நின்று ஹாரன் அடித்து, ஆள் வராவிட்டால் இன்னொரு தடவையும் அடிக்கிறான் டிரைவர். அப்படி ஒரு மரியாதை அன்றைக்குக் கிடையாது.

அன்றைக்குப் பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ், குன்னம் தாண்டி, எங்கள் ஊருக்கு ஒரு மைல் தள்ளி மண்ரோட்டில் போகும். காலையில் ஒன்றே ஒன்று. ஒரு நாள் வெயில் ஏறுவதற்கு முன் வரும், இன்னொரு நாள் ஏறிக் கொளுத்தும்போது வரும். ரோட்டோரம் காத்திருக்க ஒரு மர நிழல் இல்லை. அதனால் ஊரார் வீட்டிலேயே இருந்துகொண்டு ஏரிக்கரையில் ஒரு பையனை நிறுத்திவைப்பார்கள். பருத்தி எடுத்து முடித்த கரிசல் காடு கண்ணுக்கு எட்டியவரை மொட்டையாகக் கிடக்கும். தொலைவில் புழுதி எழும்பினால் பையன் கத்துவான். உடனே நடையைக் கட்டினால் பஸ்ஸைப் பிடிக்கலாம். அசந்தால் மறுநாள்தான்.

அந்தக் கோடையில் அந்தப் பையன் நான். பள்ளிக்கூட வாசலை மிதித்தவன் இல்லை. ஆனால் புழுதியைப் படித்துவிடுவேன். மாட்டுவண்டிப் புழுதி தரையோடு படுத்திருக்கும். பஞ்சு லாரிப் புழுதி தடித்து வரும். பஸ் புழுதி ஒல்லியாக உயர்ந்து, ஆள் ஏற்ற நிற்கும் இடத்தில் அறுந்து, மறுபடி கிளம்பும். ஏதோ நானே பஸ்ஸை ஓட்டி வருவதுபோல் ஒரு கர்வம் எனக்கு.

அக்காவை ஆண்டிமடம் பக்கம் முந்திரிக் காட்டு ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அந்தக் கோடையில் அவள் தனியாக, சொல்லாமல் வந்து நின்றாள். முதுகில், ரவிக்கைக்கு மேலே, கோடு கோடாகக் கறுத்த தழும்பு. கேட்டதற்கு, "முந்திரிக்கொட்ட பாலு பட்டு வெந்துபோச்சுடா" என்றாள். நாலாம் நாள் அப்பா அம்மாவிடம் சொன்னார்: "கட்டிக்குடுத்த பொண்ணு இங்க எத்தினி நாளக்கி குந்தியிருக்கும்? நாளக்கி பஸ்ஸுக்கு அனுப்பிவுடு."

மறுநாள் விடிந்ததும் அக்கா ஏரிக்கரைக்கு வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பிடி முந்திரிப் பருப்பை என் கையில் வைத்தாள்.

"புழுதி தெரிஞ்சா கத்தாத தம்பி. பஸ்ஸு தாண்டுனப்பறம் கத்து."

"ஏன்க்கா?"

"சும்மாதான். ஒங்கூட இன்னும் ரெண்டு நாளு இருக்கேனே."

அப்படியே செய்தேன். எல்லோரும் மூட்டையோடு ஓடிவந்து, போகிற பஸ்ஸின் பின்பக்கத்தைப் பார்த்தார்கள். அப்பா என்னை வைதார். அம்மா உள்ளே போய் உலையில் இன்னொரு பிடி அரிசி போட்டாள். அடுத்த நாளும் ஒரு பிடி முந்திரி, அன்றைக்கும் பஸ் போய்விட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் சித்தப்பா ஊரார் எதிரில் சிரித்தார். "கண்ணு அவிஞ்சவனக் காவலுக்கு வெச்சா இப்பிடித்தாண்ணே ஆவும். நாளக்கி எதுத்த வூட்டுப் பயல நிறுத்துங்க. இவன் கோழி மேய்க்கட்டும்."

எதிர்த்த வீட்டுப் பயலுக்கு லாரிக்கும் பஸ்ஸுக்கும் வித்தியாசம் தெரியாது. அவன் பல்லை இளித்துக்கொண்டு நின்றது எனக்கு இன்றைக்கும் கண்ணில் இருக்கிறது. "இன்னும் ஒரு நாளு பாப்பம்" என்றார் அப்பா.

மூன்றாம் நாள் புழுதி ஒரு மயிரிழை கனத்துக்குத் தெரியும்போதே கத்திவிட்டேன். தொண்டை கிழியக் கத்தினேன். அக்காவைக் கூட்டிக்கொண்டு எல்லோரும் நிதானமாக நடந்துபோய் ரோட்டில் நின்றார்கள். நானும் எதிர்த்த வீட்டுப் பயலும் பின்னாலேயே ஓடினோம். சித்தப்பா என் முதுகில் தட்டி, "அட, தேறிட்டானே!" என்றார்.

பிற்பாடு நானும் கூலிக்கு முந்திரிக்கொட்டை உடைத்திருக்கிறேன். அந்தப் பால் விரலில் படும், கையில் தெறிக்கும், எப்போதாவது முகத்தில் படும். முதுகில் வரிசையாகக் கோடு போடாது. அதற்கப்புறம் அக்கா ஊருக்கு வந்ததெல்லாம் கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான். ஒரு ராத்திரி தங்கியதில்லை. போன ஐப்பசியில் அவள் போய்ச் சேர்ந்தாள். அதுவரை எத்தனையோ தடவை எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம். நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அன்று பஸ் வந்து நின்றதும் அக்கா ஒரு காலைப் படியில் வைத்தாள். பிறகு இறங்கி, முந்தானையில் மிச்சம் இருந்ததை எல்லாம் என் கையில் கொட்டினாள். கத்தாமல் இருந்ததற்கு ஒரு பிடி கொடுத்தவள், கத்தியதற்கு இவ்வளவு கொடுக்கிறாளே என்று எனக்கு ஒரே சந்தோஷம். பஸ் மறைந்தபிறகும், புழுதி அடங்கும்வரை அங்கேயே நின்று, எதிர்த்த வீட்டுப் பயலுக்கு ஒன்றுகூடக் கொடுக்காமல், ஒவ்வொன்றாகத் தின்று தீர்த்தேன்.