பாத்ரூம் தரையும் கொஞ்சம் வாட்டமும்

டைல்ஸ் கடைக்குப் போகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? எல்லோரும் டைலைக் கையால் தடவித்தான் பார்ப்பார்கள், பட்டுப்புடவை பார்ப்பது மாதிரி. நடக்கப் போவதென்னவோ காலால்தான்.

போன மாதம் பாலக்கரையில் ஒரு டைல்ஸ் கடையில் என் அத்திம்பேரும் அப்படித்தான் தடவிக்கொண்டிருந்தார். அக்காவின் கணவர். ஸ்ரீரங்கத்தில் சின்னதாக ஒரு கல்யாண மண்டபம் நடத்துகிறார். மண்டப பாத்ரூம்களுக்குப் புதுத் தரை போட வேண்டும் — அவசரமாக.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. போன சீசனில் ஒரு கல்யாணப் பெண்ணின் அப்பா, முகூர்த்தத்தன்று எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போனவர், அங்கே வழுக்கி விழுந்தார். கணுக்காலில் எலும்பு முறிவு. மகளை மடியில் உட்கார வைத்துத் தாரை வார்க்க வேண்டியவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பெரியப்பா மடியில் உட்கார்ந்து அந்தப் பெண் அழுத அழுகை இருக்கிறதே... எனக்கு இன்னும் மறக்கவில்லை. அடுத்து அதே மண்டபத்தில் நடக்கவிருந்தது அத்திம்பேரின் ஒரே மகள் ரஞ்சனியின் கல்யாணம்.

அப்படிப்பட்டவர் எதைத் தேர்ந்தெடுத்தார் தெரியுமா? முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளக்கூடிய வெள்ளை கிளாஸி டைல்.

"பளிச்சுன்னு இருந்தாத்தான் மாப்பிள்ளை ஆத்துக்காரா சுத்தம்னு நம்புவா" என்றார்.

"பெரிய பெரிய மாலுக்கெல்லாம் இதான் மேடம் போகுது" என்று ஒத்து ஊதினார் சேல்ஸ்மேன்.

மாலுக்குப் போகிறவர்கள் ஷூ போட்டுக்கொண்டு போகிறார்கள். யாராவது தலை வழிய நல்லெண்ணெயோடு போகிறார்களா? நம் மண்டப பாத்ரூமுக்கு வருவது வெறுங்கால், எண்ணெய், சீயக்காய், மஞ்சள்... போதாக்குறைக்கு முகூர்த்த அவசரம்.

இந்த மாதிரி விஷயங்களில் எனக்குச் சந்தேகமே வருவதில்லை. கைப்பையிலிருந்து நல்லெண்ணெய் பாட்டிலை எடுத்தேன். வீட்டிலிருந்தே கொண்டு போயிருந்தேன் — அத்திம்பேரின் டேஸ்ட் எனக்குத் தெரியாதா? சாம்பிள் டைலைத் தரையில் வைக்கச் சொல்லி, கொஞ்சம் எண்ணெயும் தண்ணீரும் விட்டேன்.

"செருப்பைக் கழட்டிட்டு ஏறி நில்லுங்கோ அத்திம்பேர்."

"கடையில எல்லாரும் பார்க்கறா."

"கல்யாணத்தன்னிக்கு இன்னும் நிறைய பேர் பார்ப்பா."

ஏறினார். அடுத்த நொடி சேல்ஸ்மேனின் தோளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு கிளாஸி பற்றிப் பேச்சே எழவில்லை.

ரொம்பச் சொரசொரப்பான டைலும் சரிப்படவில்லை. கால் நின்றது, ஆனால் அழுக்கும் அப்படியே நின்றுவிடும். ஒரு கல்யாண கோஷ்டி கிளம்பி அடுத்தது வருவதற்குள் கழுவித் தள்ள வேண்டாமா? கடைசியில் ஜெயித்தது பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ், சின்னச் சின்ன சதுரம். ஜாயின்ட் நிறைய இருப்பதால் காலுக்குப் பிடி கிடைக்கிறது. நிறம் வெளிர் சாம்பல். அத்திம்பேரின் முகமும் கிட்டத்தட்ட அதே நிறத்தில்தான் இருந்தது.

வேலை ஆரம்பித்தது. டைல் ஒட்டுவதற்கு முன் கொத்தனார் ஒரு வாளி தண்ணீரைத் தரையில் கொட்டிப் பார்த்தார்.

"வாட்டம் பத்தலீங்க. தண்ணி மூலையில நிக்குது."

தண்ணீர் ஓடுவதற்கான சரிவைத்தான் கொத்தனார்கள் வாட்டம் என்பார்கள். அத்திம்பேருக்கும் அது தெரியும். ஆனாலும் அவருடைய கவலை அவருக்கு.

"இதுக்கு மேலயும் வாட்டமா? என் மூஞ்சியைப் பாருங்கோ, வேணுங்கறது இருக்கு" என்றார்.

எவ்வளவு நல்ல டைலாக இருந்தால் என்ன, தண்ணீர் தேங்கினால் பாசி பிடித்து வழுக்கத்தான் செய்யும். தளத்தைப் பெயர்த்து மறுபடி போட வைத்தேன்.

போன வாரம் கல்யாணம். விடியற்காலையில் எண்ணெய்த் தலையோடு அத்திம்பேர் பாத்ரூமுக்குள் போனார். வெளியே அக்கா, "ரங்கநாதா, பார்த்துக்கோ" என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். நான் வேண்டிக்கொள்ளவில்லை. எனக்கு டைல் மேல் நம்பிக்கை இருந்தது. காதை மட்டும் கதவில் வைத்திருந்தேன்.

வந்தார். பஞ்சகச்சம் கட்டிக்கொண்டு, நேராக மேடைக்கு நடந்து போனார். ரஞ்சனி அப்பாவின் மடியில் உட்கார்ந்தாள். தாரை வார்க்கும்போது அவர் கண் கலங்கியது; எனக்கும்தான்.

அந்த நேரம் பார்த்து சம்பந்தி மாமி என் காதோரம் கேட்டாள்: "மண்டபம் நன்னாருக்கு. பாத்ரூம் தரைதான் ஏன் இவ்வளவு டல்லா இருக்கு?"

மேடையைக் காட்டினேன்.

"வாட்டமெல்லாம் தரையோட நிக்கட்டும் மாமி. பொண்ணோட அப்பா மூஞ்சியில இருக்கப்படாது."