என் ரத்தத்தைக் கட்டிப்போட்ட அங்காளம்மா

அங்காளம்மாவை நம்பி நிற்கிற எல்லோருக்கும் செஞ்சியிலிருந்து செல்வராணி சொல்கிறேன். நான் செஞ்சிக்கும் அவலூர்பேட்டைக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவள்.

போன வருஷம் ஆனி மாதம், ஆட்டோவில் உட்காரவே முடியாமல் போனது. முதுகுத்தண்டு முடிகிற இடத்தில் நெருப்பு வைத்ததுபோல வலி. ஸ்கேன் எடுத்தார்கள். இடுப்பெலும்பில் கட்டி. அதைச் சுற்றி ரத்தக் குழாய்கள் பின்னிக் கிடக்கின்றனவாம்.

"கை வச்சா ரத்தம் கொட்டும்மா. டேபிள்லயே உயிர் போயிடலாம். எங்களால முடியாது" என்று டாக்டர் கைவிரித்துவிட்டார்.

வீட்டில் என் நாத்தனார் அழுதுகொண்டே, "விதி அண்ணி. பேசாம வீட்டோட இருங்க. உங்க பொண்ண நான் பாத்துக்கறேன்" என்றாள். நான் செத்துப்போனதாகவே முடிவு செய்துவிட்டார்கள். என் கணவர் ஏழுமலை எழுந்து வெளியே போனார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

மறுநாள் காலை அங்காளம்மன் கோயிலுக்குப் போனேன். விழுந்து கும்பிட உடம்பு இடம் கொடுக்கவில்லை. சன்னதிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கத்தினேன்.

"கட்டிய நீ எடுக்க வேணாம். அதுக்கு டாக்டருங்க இருக்காங்க. என் ரத்தத்த மட்டும் கட்டிப்போடு! இன்னா பண்ணப்போற, சொல்லு. பதில் வராம இங்கேர்ந்து நகர மாட்டேன்!"

ஒரு கை என் தோளைத் தொட்டது. தினமும் என் ஆட்டோவில் அவலூர்பேட்டைக்கு வேலைக்குப் போகும் டீச்சர். "இன்னாச்சு செல்வராணி?" என்றார். சொன்னேன்.

"எங்க அண்ணனுக்கும் இதே எடத்துலதான் கட்டி இருந்துச்சு. சென்னையில ஒரு டாக்டரம்மா எடுத்தாங்க. இப்ப நல்லா நடக்கறாரு" என்றவர், அங்கேயே அண்ணனுக்குப் போன் போட்டு விவரம் வாங்கினார். அது அம்மனின் பதில் இல்லாமல் வேறென்ன?

சென்னைக்குப் போனோம். அந்த டாக்டரம்மா எதையும் மறைக்கவில்லை. "ரத்தப்போக்குதான் இதுல பெரிய பயம். முந்தின நாளே தொடை வழியா மெல்லிய டியூப் விட்டு, கட்டிக்குப் போற குழாய்களை அடைச்சிடுவோம். ஆபரேஷன்ல பெரிய ரத்தக் குழாய்க்குள்ள ஒரு பலூனை ஊதி, கீழ போற ரத்தத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்துவோம். அதுக்குள்ள கட்டியை எடுக்கணும். அப்பவும் ஆபத்து இல்லைன்னு சொல்ல மாட்டேன். என்ன சொல்றீங்க?"

"எடுங்க டாக்டர். ரத்தத்தப் பாத்துக்க எனக்கு ஆள் இருக்குது" என்றேன்.

ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன்கள் வேன் பிடித்து வந்து ரத்தம் கொடுத்தார்கள். அவர்களைப் பார்த்துவிட்டுத்தான் தியேட்டருக்குள் போனேன்.

கண் விழித்ததும் டாக்டரம்மா சொன்னார்: "கட்டியை அசைச்சதும் ரத்தம் பொங்கிட்டு வந்துச்சு. பலூனை ஊதினோம். அடங்கிடுச்சு. முழுசா எடுத்தாச்சு."

ஏழுமலை என் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினார். "தாயே!" என்றேன்.

இடது பாதத்தில் இன்னும் மரமரப்பு இருக்கிறது. இருக்கட்டும். ஆட்டோ ஓட்டுகிறேன். முன்பெல்லாம் அம்மனுக்குக் கடமைக்கு விளக்குப் போடுவேன். இப்போது அவளோடு பேசாமல் வண்டியை எடுப்பதில்லை.

காப்பாற்றியது டாக்டரா, அம்மனா என்று சிலர் என்னை மடக்கப் பார்க்கிறார்கள். அந்த டாக்டரிடம் என்னைக் கொண்டுபோய் விட்டது யார் என்று திருப்பிக் கேட்கிறேன்.

உங்களிடம் யாராவது "அவ்வளவுதான்" என்று சொன்னால், அதைக் கேட்டுக்கொண்டு படுத்துவிடாதீர்கள். இன்னொரு டாக்டரைத் தேடிப் போங்கள். போகும்போதே அவளிடம் சண்டை போடுங்கள். பெற்ற தாயிடம் போடுவதுபோல உரிமையோடு போடுங்கள். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள், கூடவே வருவாள்.