காற்று பிடிக்கப் போன வருடம்

எண்பதுகளின் நடுவில், அண்டார்டிகாவில் ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய கையோடு, அப்பா என்னைத் திருச்செங்கோட்டுக்குப் பெண் பார்க்க அழைத்துப் போனார். பெண்ணின் தகப்பனார் போர்வெல் லாரி வைத்திருந்தார். பெண் ராசிபுரத்தில் பள்ளி ஆசிரியை.

பலகாரத் தட்டு வந்ததும் தகப்பனார் கேட்டார்: "அத்தனை தூரம் போயி அப்படி என்ன வேலைங்க தம்பி?"

"காத்தைக் கண்ணாடிக் குடுவையில புடிக்கறதுங்க. அதுல கரியமில வாயு, மீத்தேன் எல்லாம் எவ்வளவு இருக்குதுன்னு பாக்கோணுங்க."

உறவுக்காரர்கள் குனிந்துகொண்டார்கள். சிரிப்பை அடக்குகிறார்கள் என்று தெரிந்தது. அப்பா என் பக்கமே திரும்பவில்லை.

"காத்துத்தான் இங்கயே இருக்குதுங்களே" என்றார் ஒரு பெரியவர்.

பக்கத்தில் ஊரோ ஆலையோ இல்லாததால் அங்கே அதிகம் மாசுபடாத காற்று கிடைக்கும் என்றேன். அப்படியும் எங்கள் ஆய்வு நிலையத்து ஜெனரேட்டர் புகை படக்கூடாது. காற்று வரும் திசையில் நிலையத்தை விட்டு வெகுதூரம் நடக்க வேண்டும். நம் மூச்சும் கலந்துவிடக் கூடாதென்பதால், மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் குடுவையைத் திறக்க வேண்டும்.

கதவோரம் நின்ற பெண், "அங்க எப்பவாச்சும் பயந்தீங்களா?" என்று கேட்டாள். எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பயந்ததைச் சொன்னேன். ஒருமுறை குடுவையை மூடிவிட்டுத் திரும்பும்போது பனிப்புயல் எழுந்தது. நீட்டிய கை தெரியவில்லை. வழிக்காகக் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்தபடி, குடுவையைக் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எங்கள் நிலையத்து மருத்துவர் அதே கயிற்றைப் பற்றிக்கொண்டு தேடி வந்து தோளைத் தொட்டபோது அழுதுவிட்டேன்.

"குடுவை என்னாச்சுங்க?"

"உடையலைங்க."

அவள் லேசாகச் சிரித்தாள். இந்த முறை வேறு யாரும் சிரிக்கவில்லை.

தகப்பனார் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். "நாங்களும் போர் போடறப்ப மேல வர்ற மண்ணை அள்ளிப் பாத்துத்தானுங்க அடியில என்ன இருக்குதுன்னு சொல்றோம். தம்பி மேல இருக்கறதைப் பாக்கறாரு. அவ்வளவுதானே?"

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு அப்பா, "நல்ல எடம்" என்றார்.

ஆவணியில் கல்யாணம். அதன்பின் இன்னொரு முறையும் அண்டார்டிகா போய் வந்தேன். நான் இல்லாத மாதங்களில், லாரிக்கு வரும் ஆட்களுக்கெல்லாம் என் வேலையை விளக்கியது மாமனார்தான் என்று மனைவி சொன்னாள். மீத்தேன் மட்டும் அவர் வாயில் நுழையவே இல்லையாம். அதைச் சாண எரிவாயு என்றே சொல்லிச் சமாளித்திருக்கிறார். அதிலும் இருப்பது பெரும்பாலும் மீத்தேன்தான், அது ஒன்றும் தப்பில்லை என்றேன்.