கப்பலேறாத கதிரை

வவுனியாவிலிருந்து அநுராதபுரம் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவர், நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஓர் அம்மா. மடியிலிருந்த கொப்பியைத் திறந்து, தமிழெழுத்தில் எழுதிய சிங்களச் சொற்களை முணுமுணுப்பார், உடனே மூடிவிடுவார். என் கையில், போர்த்துக்கேய ஓவியன் ஒருவனும் தமிழ்ப் பெண்ணும் காதலிக்கும் சரித்திர நாவல். அட்டையைப் பார்த்துவிட்டு அம்மா கதையைக் கேட்டார்; சொன்னேன்.

"கடைசியில சேருகினமோ, பிள்ளை?"

"இல்லை அன்ரி. அவன் தனியக் கப்பலேறிப் போயிடுவான்."

"சும்மா புளுகுகினம். கதிரை, குசினி, அலுமாரி எல்லாம் போர்த்துக்கேயச் சொல்லெண்டு என்ர மகன் சொன்னவன். குடும்பம் நடத்தாமலோ சமைக்கிற குசினிக்கு அவங்கட பேர் வந்தது?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அவனுக்குத்தான் ஒரு சிங்களப் பிள்ளையைப் பொம்பிளை கேட்கப் போறன். அந்த வீட்டில 'இருங்கோ' எண்டாவது சொல்லுவினமோ தெரியேல்லை."

அநுராதபுரத்தில் இறங்கிப் பிரிந்தோம். அந்த வீட்டில் அவருக்கு உட்காரக் கதிரை போட்டார்களா? நாவலின் பெயர்கூட இப்போது மறந்துவிட்டது. இதுதான் இன்னும் தெரியவேண்டியிருக்கிறது.