பசுவுக்குப் பருத்திக்கொட்டை, எனக்கு அரை வயிறு

மூத்தவள் வயிற்றிலிருந்தபோது, "பிள்ளை பெருத்தா பெத்தெடுக்கச் சிரமம்ட்டி" என்று மாமியார் எனக்கு அரை வயிற்றுக்குத்தான் கஞ்சி ஊற்றுவார். பிரசவத்தில் தங்கையைப் பறிகொடுத்த பயம் அவருக்கு. மூத்தவள் அணில்குஞ்சு மாதிரி பிறந்தாள்.

பள்ளிக்கூடம் போகும் வயதில், மற்றப் பிள்ளைகள் அளவுக்கே சாப்பிட்டும் அவள் மட்டும் ஊதிக்கொண்டே போனாள். "தின்னிப்பண்டாரம்" என்று மாமியார் திட்டுவார். கோவில்பட்டி டாக்டரம்மா, "வயித்துக்குள்ள பட்டினி கிடந்த உடம்பு, கிடைக்கிறதையெல்லாம் சேர்த்து வச்சுக்கிடுதோ என்னவோ" என்றார். மாமியார் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுபடி உண்டானேன். அதே அரை வயிறு. ஒருநாள் சினைப்பசுவுக்காக மாமியார் பருத்திக்கொட்டை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"கன்னு தெடமா விழணும்லா?" என்றார்.

"அப்ப எனக்கு, அத்தை?" என்றேன்.

ஆட்டிய கை நின்றது. அன்று மதியம் என் வட்டிலில் கம்பஞ்சோறு குவிந்திருந்தது. மேலே ஒரு முட்டை.

சின்னவன் திடமாகப் பிறந்தான், பிரசவமும் சுகம்தான். உண்டான பெண் யார் வந்தாலும் இப்போது நான் சாப்பிட வைக்காமல் அனுப்புவதில்லை.

மூத்தவளை யாராவது குண்டு என்றால் முதலில் சண்டைக்குப் போவது மாமியார்தான்.

"அவ தின்னு ஊதல. வயித்துல இருக்கையில நான் போட்ட பட்டினிலா அது!"